ஒட்டடை அடிக்காத நிலவறை: வின்யா தொந்தோனியா ஒயின், சிலரின் அனுபவங்கள்

ஸ்பெயினில், பில்பாவோவில் வேலை பார்த்தபோது ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து ஹாரோ போனேன். எழுதுவதுதான் ஹாரோ, உள்ளூர்க்காரர் வாயில் அது ‘ஆரோ’. ரியோஹாவில் இருக்கும் சின்ன ஊர். லோபெஸ் தே எரெதியா குடும்பத்தின் போதேகாவை, அதாவது ஒயின் தயாரித்துப் பழுக்கவைக்கும் கூடத்தைப் பார்க்கத்தான் போனேன். அவர்களுடைய வின்யா தொந்தோனியா சிவப்பு ஒயினை நண்பன் வீட்டில் ஒரே ஒரு தடவை குடித்துவிட்டு மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தவன் நான்.

ரயில் நிலையத்தை ஒட்டியே போதேகாக்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பிரான்சின் திராட்சைக் கொடிகளை ஃபிலாக்சரா பூச்சி வேரோடு தின்றபோது அந்த நாட்டின் போர்தோ ஊர் ஒயின் வியாபாரிகள் சரக்குத் தேடி வந்த ஊர் இது. பீப்பாயை உருட்டினால் ரயில். அந்தச் சமயத்தில், 1877இல், ரஃபாயேல் லோபெஸ் தே எரெதியா தொடங்கியதை இன்று நான்காம் தலைமுறை நடத்துகிறது. வாசலில் சஹா ஹதித் வடிவமைத்த நவீனக் கடை ஒன்று இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

விஷயம் கீழே இருக்கிறது. படி இறங்க இறங்கக் குளிர். சுவரில் கறுப்புப் பூசணம் பஞ்சு மாதிரிப் படர்ந்திருக்கிறது. அடுக்கிவைத்த பாட்டில்களின் மேல் ஒட்டடை திரைச்சீலையாகத் தொங்குகிறது. கூட்டிப்போன பெண்ணிடம் கேட்டேன். கார்க்கைக் குடையும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடித்துவிடும், அதனால் வலையைத் தொடமாட்டோம் என்றார். எங்கள் அம்மாவை அங்கே விட்டிருந்தால் மத்தியானத்துக்குள் ஒட்டடைக்கம்போடு முடித்திருப்பார்!

பீப்பாயும் அங்கேயே செய்கிறார்கள். அமெரிக்க ஓக் மரம், ஒன்று 225 லிட்டர். ரிசர்வா என்கிற, நீண்ட நாள் பழுக்கவைக்கும் ஒயின் 6 வருஷம் அதில் கிடக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றிக் கசடைக் கழிப்பார்கள். கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தெளிய வைப்பார்கள்.

கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம். பழ வாசனை தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். காய்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய மர பீரோவைத் திறந்த மணம், லேசாகப் புகையிலை. புளிப்பு தூக்கல். முதல் வாய்க்கு ‘இதுக்கா இவ்வளவு?’ என்று தோன்றும். அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள்.

*

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த நிலவறைக்குள் நான் போகவில்லை, அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தேன். ஏப்ரோ ஆறு வளைந்து ஓடுகிற மடியில் ஏறக்குறைய 100 ஹெக்டேர், 1913-14இல் நட ஆரம்பித்த தொந்தோனியா. திராட்சை என்றால் கம்பம் பக்கத்துப் பந்தல்தான் என் கண்ணில் இருந்தது. அங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கொடி ஒவ்வொன்றும் குட்டைச் செடியாகத் தனித்தனியாக நிற்கிறது. காலுக்கடியில் முழுக்கக் கூழாங்கல். திராட்சை ரகத்தில் தெம்பிரானியோதான் முக்கால் பங்கு. மிச்சத்துக்குக் கர்னாச்சோ, கிராசியானோ, மசுவேலோ.

*

என் கதை வேறு. மாத்ரித்தில் இவர்களுடைய ரிசர்வா ஒரு பாட்டில் வாங்கி, ‘நல்ல நாளுக்கு’ என்று ஃப்ரிட்ஜ் மேலே நிற்க வைத்தேன். இரண்டு கோடை போனது. மச்சான் வந்த அன்று திருகினால் கார்க் பிட்டு மாவாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடிகட்டினோம். ஒரே காடி வாசனை. ஆறு வருஷம் அவர்கள் கட்டிக் காத்ததை ஃப்ரிட்ஜ் சூட்டில் வைத்துக் கெடுத்தது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. மச்சான் மட்டும், “ஊறுகாய் போடலாம் மாப்ளே” என்று இன்றுவரை கிண்டல்.

*

ஃப்ரிட்ஜ் மேலே வைத்த தம்பி, பாட்டிலைப் படுக்க வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் கார்க் நனைந்தே இருக்கும். பழைய கார்க்குக்குத் திருகாணி ஆகாது, இரண்டு பக்கமும் தகடு இறக்கி இழுக்கிற கருவி இருக்கிறது, அதை வாங்கு. என்னிடம் அவர்களுடைய இன்னொரு ஒயினான வின்யா குபியோ ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மச்சானைக் கூட்டிக்கொண்டு வா.