டெல்டாவில் பழைய மாஸி டிராக்டர் வாங்கி விற்ற அனுபவம்

விவசாயத்துக்கு நடுவே பழைய டிராக்டர் வாங்கி, வேலை பார்த்து விற்கிறேன். பெரும்பாலும் மாஸி 1035, மகிந்திரா 575. இந்த இரண்டுக்கும் எங்கள் பக்கம் சாமான் சுலபமாகக் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். சம்பா அறுவடை முடிந்து வண்டிகள் சும்மா நிற்கும் மாசி, பங்குனியில் வாங்குவேன். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பை எதிர்பார்த்து வைகாசியிலேயே ஆட்கள் வண்டி தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

மன்னார்குடி பக்கம் ஒரு பெரியவரிடம் மாஸி பார்க்கப் போயிருந்தேன். பானெட்டெல்லாம் துரு. ஆனால் குளிர்ந்த இன்ஜின் ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆனது, புகையும் சீக்கிரம் அடங்கியது. பின்னால் மாட்டிய ஒன்பது கொழுக் கலப்பையைத் தூக்கச் சொன்னேன். திணறித் திணறித்தான் தூக்கியது.

"தம்பி, கேஜ் வீல் போட்டு வருஷக்கணக்கா சேத்துல ஓடின வண்டி. பின்னாடி சீல் போயிருக்கு. பாத்துட்டு விலை சொல்லுங்க" என்றார் அவரே. கேஜ் வீல் என்பது சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்.

ஆயிலை இறக்கினால் பால் விட்ட டீ மாதிரி வந்தது, சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இந்த வண்டியில் கியர் பாக்ஸுக்கும் கலப்பையைத் தூக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். தண்ணீர் கலந்தால் ஹைட்ராலிக் பம்ப், பேரிங் இரண்டுமே அடிவாங்கும். அதனால்தான் டெல்டா வண்டி என்றால் நான் இன்ஜினைவிட பின்பக்கத்தை அதிக நேரம் பார்ப்பேன். மறைக்காமல் சொன்னவரிடம் விலையை அடித்துப் பேசவும் மனசு வரவில்லை. செலவைக் கணக்குப் போட்டு நியாயமான விலை சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

அப்புறம் பேப்பர். பேங்க் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, ஆர்சி புக்கில் மட்டும் அடமானம் அப்படியே இருந்தது. பேங்கில் பாக்கி இல்லை என்ற என்ஓசியும், அடமானத்தை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் வாங்கி, ஆர்டிஓவில் அடமானத்தை நீக்கிய பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். பேர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30-லும் அன்றே கையெழுத்து வாங்கினேன். வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நம்மிடம் வாங்குகிறவர் பேர் மாற்ற அலையக்கூடாது.

சீல், பேரிங், பம்ப் வேலை எல்லாம் பார்த்தேன். பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை. கழற்றிய பழைய சாமான்களை ஒரு சாக்கில் போட்டு வைத்து, வாங்க வந்த பட்டுக்கோட்டைக்காரரிடம் பில்லோடு காட்டினேன். அவர் மெக்கானிக்கைக் கூட்டி வந்து, கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்திப் பார்த்தார். இறங்காமல் நின்றது. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டார்.