ஸ்பொய்லருக்குத் தமிழ் என்ன? வியாழனுக்கு முதல் வேண்டும்

வெள்ளவத்தை ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். சனிக்கிழமை எங்கள் திரைப்பட ரசனை வகுப்பில் 'அந்த நாள்' போடுகிறோம். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுப்பவர்கள். கறுப்பு வெள்ளை என்றதுமே முகம் சுளித்தார்கள். 1954ஆம் ஆண்டுப் படம், ஒரு பாட்டும் இல்லை என்றதும் கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார்கள். "கொலை செய்தது யார் என்று கண்டுபிடியுங்கள்" என்று சொல்லித்தான் இருத்தி வைத்திருக்கிறேன். இப்போது ஒருவன் யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் "சொல்லட்டா, சொல்லட்டா" என்று எல்லாரையும் வெருட்டிக்கொண்டு திரிகிறான்.

கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி போட வேண்டும்: "படம் பார்க்காதவர்களுக்கு ______ செய்யாதீர்கள்." பார்க்காதவர்களிடம் கதையின் ரகசியத்தை முதலே சொல்லிவிடுவதை ஆங்கிலத்தில் ஸ்பொய்லர் என்கிறார்களே, அதற்குத் தமிழில் அந்தக் கோட்டில் என்ன எழுதலாம்? பின்பக்கத்தில் கலைச்சொற்களும் இருக்கின்றன. அண்மைக்காட்சி, தூரக்காட்சி, படத்தொகுப்பு எல்லாம் சரி. இது ஒன்றுதான் இடிக்கிறது. வியாழன் காலை கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

முதல்காட்சித் தம்பி:

ரீச்சர், 'கதைக்கசிவு'. முடிஞ்சுது.

ஒப்புநோக்குநர்:

முடியவில்லை தம்பி. பத்திரிகையில் கசிவு என்றால் வினாத்தாள் கசிவு. உள்ளே இருக்கிற ஒருவர், வெளியே வரக்கூடாத ஒன்றை, நேரத்துக்கு முதல் வெளியே விடுவது. படம் வெளிவருவதற்கு முன் திரைக்கதை வெளியே போனால் அதைக் கதைக்கசிவு என்று சொல்லலாம். இங்கே படம் வெளிவந்து எழுபது வருடம் கழிந்துவிட்டது. சவோயில் காசு கொடுத்து ரிக்கெற் எடுத்துப் பார்த்தவன் வெளியே வந்து வாய் திறந்தால் அது கசிவா?

பேசாமல் 'ரசபங்கம்' என்று போடுங்கோ, சுவையைக் கெடுப்பது. எல்லாருக்கும் விளங்கும்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

கசிவு வேறு விதத்திலும் பொருந்தாது. "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" என்று படித்த பிள்ளை, கதைக்கசிவு என்றால் அழுகைப்படம் என்றுதான் நினைக்கும்.

ரசபங்கத்தை நான் வடசொல் என்பதற்காகத் தள்ளவில்லை. அது ஏற்கெனவே ஒரு கலைச்சொல். பொருத்தமின்மையைத் தவிர ரசபங்கத்துக்கு வேறு காரணமே இல்லை என்று வடமொழி இலக்கியக் கோட்பாட்டாளர் ஆனந்தவர்த்தனர் முடிவாகச் சொல்லிவிட்டார். சாவு வீட்டுக் காட்சி முடிந்த கையோடு குத்துப்பாட்டு வைக்கிறார்களே, அது ரசபங்கம். அதைச் செய்வது இயக்குநர். பக்கத்துக் கதிரைக்காரன் அல்ல.

நமக்கு வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்தையும் நெல்லை வைத்தே விளக்குகிறார். உழுது பண்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். தன்னுள்ளே பொருள் பொதிந்து கருவிருப்பது கருப்பம். கதிர் திரண்டு முற்றுவது விளைவு. அறுத்து, போரிட்டு, கடாவிட்டு, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து உண்டு மகிழ்வது துய்த்தல். விபுலாநந்த அடிகள் 1926இல் வந்த மதங்க சூளாமணி என்ற நாடக நூலில் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டு போனார்.

அப்படியானால் ஸ்பொய்லர்காரன் செய்வது என்ன? மற்றவன் துய்க்க வேண்டியதை அவனுக்கு முன்னே எடுத்து நீட்டுகிறான். ஆகவே 'முன்துய்ப்பு'. செய்பவன் முன்துய்ப்பான். வினை, பெயர், வினைமுதல் மூன்றும் ஒரே வேரில் வந்துவிடுகின்றன.

ஒப்புநோக்குநர்:

மாஸ்டர், புணர்ச்சியை மறந்துவிட்டீர்களே. முன் + தானை முன்றானை ஆனதுபோல இது 'முன்றுய்ப்பு' ஆகும். பிள்ளைகள் எந்த வைத்தியரிடம் காட்டுவது என்று கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

முன்றானை முந்தானை ஆகி எத்தனையோ காலம். இக்காலத்தில் பிரித்தே எழுதலாம். அதோடு இதை வேற்றுமைத் தொகையாக விரிப்பீர்களானால் 'முற்றுய்ப்பு' என்றும் வர இடம் உண்டு. நன்னூலில் மெய்யீற்றுப் புணரியலை ஒருமுறை பாருங்கள்.

ஒப்புநோக்குநர்:

முற்றுய்ப்பு என்றால் முற்றும் உய்தல், மோட்சம். படம் பார்க்காதவர்களுக்கு மோட்சம் கொடுக்காதீர்கள் என்று கையேட்டில் போடலாமா?

வெள்ளவத்தை ரீச்சர்:

ஐயாமார், இன்றைக்குச் செவ்வாய்.

தெஹிவளை அண்ணை:

முதலில் விபுலாநந்த அடிகள் எங்கட காரைதீவு ஆள் என்பதை மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது போகட்டும்.

எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லாமல் இருப்பதற்குக் காரணம், எங்களுக்கு இப்படி ஒரு வியாதி இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தைத் திறவுங்கோ. பதிகத்திலேயே சிலம்பு, கோவலன் கொலை, பாண்டியன் சாவு, மதுரை எரிந்தது எல்லாம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் வழக்குரை காதையில் நெஞ்சு பதறுகிறதா இல்லையா? மட்டக்களப்புப் பக்கத்தில் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி வழக்குரை படிக்கும்போது, அடுத்த வரி என்ன என்று தெரிந்த கிழவிகள்தான் முதலில் அழுவார்கள். கூத்தும் அப்படித்தான். அபிமன்யு சாவான் என்று தெரியாமல் யார் விடிய விடியக் குந்தியிருந்தது?

முடிவு தெரிந்தால் செத்துப்போகிற படம் முதலே செத்த படம். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கோ ரீச்சர்.

முதல்காட்சித் தம்பி:

அண்ணை, விடுகதை போடுகிறவன் விடையை முதலே சொல்லுவானா? கூத்தும் துப்பறியும் படமும் ஒன்றில்லை. பழைய பாட்டுப் புத்தகம் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கோ. கதைச்சுருக்கம் நல்ல சூடு பிடிக்கிற இடத்தில் நின்றுவிடும். கீழே "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று இருக்கும். அது என்ன? அந்தக் காலத்திலேயே கம்பனிக்காரருக்கு இந்தப் பயம் இருந்திருக்கிறது. ஹிட்ச்கொக் 1960இல் 'சைக்கோ'வுக்குப் பிந்தி வருகிறவர்களைத் தியேட்டருக்குள்ளேயே விடவேண்டாம் என்றார். அதே நோய்தான்.

அப்புறம் ஒன்று. அந்தப் படத்தில் சிவாஜி சும்மா நின்றிருந்தாலே போதும். என்னத்துக்கு எல்லாரும் அவருடைய நடிப்பைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

தெஹிவளை அண்ணை:

அவர் அதில் சும்மா நிற்கிற இடங்கள்தான் தம்பி நடிப்பு. வேறு எந்தப் படத்திலாவது அவர் இவ்வளவு குரலை இறக்கிக் கதைத்துப் பார்த்திருக்கிறீரா? ஒரே ஆளை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, ஒவ்வொரு தரமும் வேறு ஆளாக வருகிறார். கண்ணாடி, கோட்டு, அந்த அலட்சியமான பார்வை. கட்டபொம்மனை வைத்துக்கொண்டு அவரை அளக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். இயக்குநர் வீணை எஸ். பாலச்சந்தர் வீணை வாசிக்கிற கையாலேயே அவரையும் அடக்கி வாசிக்க வைத்திருக்கிறார். நாயகி பண்டரிபாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொன்னால் ரீச்சருடைய அந்தக் கோட்டில் நான்தான் விழுவேன்.

படம் நடப்பது 1943 ஒக்டோபரில், ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட நேரம். கொழும்பில் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, எங்களுக்கும் போட்டான். பிள்ளைகளுக்கு அதிலிருந்து தொடங்கினால் கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிக்கமாட்டார்கள்.

வெள்ளவத்தை ரீச்சர்:

அண்ணை, அது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்?

உபதலைப்புக்காரி:

பிந்தி வருகிறேன், மன்னியுங்கள். நான் சிங்களப் படங்களுக்குத் தமிழ் உபதலைப்பு எழுதுகிறவள். ஒரு வரி திரையில் நிற்பது இரண்டு மூன்று செக்கன். அதற்குள் கண் வாசித்துவிட்டு நடிகரின் முகத்துக்குத் திரும்ப வேண்டும். முன்துய்ப்பு என்று போட்டால் கண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடும், காட்சி போய்விடும். நூலகத்தில் வாழக்கூடிய சொல். திரையில் வாழாது.

'முடிவு' என்று தொடங்கும் சொற்களும் இந்தப் படத்துக்கு உதவாது. நாயகன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார், முடிவே முதலில்தான் வருகிறது. மறைத்து வைத்திருப்பது வேறு. அதனால் 'முடிச்சவிழ்ப்பு' எப்படி?

முதல்காட்சித் தம்பி:

செய்கிறவன் முடிச்சவிழ்க்கியா அக்கா? 😄 எங்கட அப்பம்மா முடிச்சுமாறி என்று ஏசுகிற மாதிரி இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

தம்பி பகிடியாகச் சொன்னாலும் பொருள் மிகச் சரி. காசை வேட்டித் தலைப்பிலோ சேலை முந்தானையிலோ முடிந்து வைத்த காலத்தில், உடையவனுக்குத் தெரியாமல் அவிழ்த்து எடுப்பவன் முடிச்சவிழ்க்கி. நாம் காத்து வைத்ததைக் கேட்காமல் அவிழ்க்கிறான். ஆனால் முடிச்சவிழ்ப்பு நாடகத்தில் ஆசிரியரே கடைசியில் செய்வது. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே சொல் ஆகாது. முன்துய்ப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒப்புநோக்குநர்:

இதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்பொய்லர் என்றே எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்? "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். வேற்றெழுத்தை நீக்கிவிட்டு எடுத்துக்கொள். ஸகரத்தை நீக்கினால் 'பொய்லர்'. இன்னும் கொஞ்சம் திருத்தினால் 'பொய்யிலர்'. பொய் இல்லாதவர். படத்தின் முடிவை உள்ளது உள்ளபடி சொல்பவர் பொய்யிலர்தானே? ஆங்கிலமே தமிழிலிருந்து போனது என்று இதை வைத்து ஒரு புத்தகம் எழுதலாம்.

சிரிப்புக்குச் சொன்னேன். ஆனால் சீடிக்கு வைத்த 'இறுவட்டை' நினைத்துப் பாருங்கள். என்ன பாடுபட்டு நிலைநாட்டினோம்! நாடெங்கும் பரவியது. இன்றைக்குச் சொல் இருக்கிறது, பொருள் செத்துவிட்டது. கணனியா கணினியா என்று நாங்கள் சண்டை பிடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் போனுக்கு மாறிவிட்டார்கள்.

தெஹிவளை அண்ணை:

பேக்கரிக்கு வைத்த வெதுப்பகம் யாழ்ப்பாணத்தில் பெயர்ப்பலகையில் இன்னும் நிற்கிறது. குளிர்களி நிற்கவில்லை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் புழங்கியவை. ஐஸ்கிறீம் குடிக்கிற பிள்ளை அந்த நேரத்தில் 'களி'யை நினைக்க விரும்பாது. நாங்கள் எவ்வளவு இலக்கணம் பார்த்தாலும் கடைசியில் வாய்தான் தீர்மானிக்கும்.

உபதலைப்புக்காரி:

அண்ணை சொன்ன வாயிலிருந்தே தொடங்குவோம். தியேட்டர் வாசலில் சனம் உண்மையில் என்ன சொல்கிறது? "ஐயோ, கதையைப் போட்டுடைச்சிட்டியே!" இதற்கு மேல் என்ன வேண்டும்? ரகசியத்தைப் போட்டுடைத்தான் என்று நாங்கள் தினமும் சொல்கிறோம். நாங்கள் பெயர்ச்சொல்லையே தேடிக்கொண்டிருக்கிறோம். ரீச்சருக்கு வேண்டியது வினை. "படம் பார்க்காதவர்களுக்குக் கதையைப் போட்டுடைக்காதீர்கள்." 'செய்யாதீர்கள்' என்கிற வாலும் தேவையில்லை.

முதல்காட்சித் தம்பி:

🔥🔥 அக்கா!

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

பேச்சுவழக்குத்தான். ஆயினும் பரம்பரை உள்ள வழக்கு. கடுவெளிச் சித்தரின் ஆண்டி, நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக் கொண்டுவந்த தோண்டியைக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தான். அங்கேயும் கூத்து, இங்கேயும் கூத்து. வினைக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. பட்டியலுக்குப் பெயர் வேண்டுமே? 'போட்டுடைப்பு' என்று தலைப்பில் எழுதினால் சட்டிபானைக் கடை மாதிரி இருக்கும்.

உபதலைப்புக்காரி:

கதையுடைப்பு?

ஒப்புநோக்குநர்:

உடைப்பு என்றால் குளக்கட்டு உடைப்பு, கடை உடைப்பு. ஆனாலும் 'கதையுடைப்பு எச்சரிக்கை' என்று தலையில் போட்டுவிட்டு விமர்சனம் எழுதலாம் போலத்தான் இருக்கிறது. நாலு பேர் எழுதினால் பழகிவிடும். எனக்கு மனமில்லை, மறுப்பும் இல்லை.

தெஹிவளை அண்ணை:

என் வாக்கு யாருக்கும் இல்லை. எழுபது வருடம் கழிந்த படத்துக்குக் கதையுடைப்பு என்ற குற்றமே கிடையாது. அதற்கு ஒரு காலவரை வைத்துவிட்டுச் சொல் தேடுங்கோ. ஐந்து வருடம் காணும்.

முதல்காட்சித் தம்பி:

பார்க்காதவனுக்கு எல்லாப் படமும் நேற்று வந்த படம்தான் அண்ணை. சனிக்கிழமை வாங்கோ, ஆனால் பின் வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும்.

வெள்ளவத்தை ரீச்சர்:

புதன் இரவாகிவிட்டது. முதல் பக்கத்தில்: "படம் பார்க்காதவர்களுக்குக் கதையைப் போட்டுடைக்காதீர்கள்." பின்பக்கப் பட்டியலில் கதையுடைப்பு, பக்கத்தில் ஸ்பொய்லர். அண்ணையின் காலவரையைச் சனிக்கிழமை படம் முடிந்த பிறகு பிள்ளைகளோடு விவாதத்துக்கு எடுக்கிறேன், அவரே வந்து தொடங்கட்டும். எல்லாருக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன். கதையுடைப்பில் கதைக்கு என்ன நேர்ந்தது என்பது இருக்கிறது, பார்ப்பவனுக்கு என்ன நேர்ந்தது என்பது இல்லை. கதை எங்கே உடைந்தது? அது முழுசாகத்தான் இருக்கிறது. இழந்தவன் ரசிகன். சிறிய எழுத்தில் 'அல்லது முன்துய்ப்பு' என்றாவது போடலாம்.

வெள்ளவத்தை ரீச்சர்:

பக்கம் நிரம்பிவிட்டது மாஸ்டர். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

ஒப்புநோக்குநர்:

ரீச்சர், நீங்கள் அனுப்பிய படியைப் பார்த்தேன். பின்பக்கத் தலைப்பில் 'கலைச்சொற்ப் பட்டியல்' என்று இருக்கிறது. அந்த ப்-ஐ எடுத்துவிடுங்கோ. 'அண்மைகாட்சி'யில் ஒரு க் விடுபட்டிருக்கு. அச்சகத்துக்குப் போகுமுன் இன்னொரு படி எனக்கு அனுப்புங்கோ.