வாழையிலைச் சோறு: குறைத்துக் கேட்பது நம் வேலையா, குறைத்துப் போடுவது கடையின் வேலையா?

பங்சார் மகள்:
அப்பாவுக்கு 63 வயது. போன மாதம் அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு தோறும் கோலாலம்பூர் ஸ்கோட் சாலை கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விட்டு, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சோறு சாப்பிடுவது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். அதை நிறுத்த மனமில்லை.

இந்த வாரம் "தம்பி, சோறு கொஞ்சமாகப் போடுங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். முதல் கரண்டியே பாதி இலையை மூடிவிட்டது. அப்பா சாம்பாரைப் பிசைந்து நாலு வாய் வைப்பதற்குள் சோற்று வாளி திரும்ப வந்தது. வேண்டுமா என்று கேட்கவில்லை, போட்டுவிட்டுப் போய்விட்டார். காய் மூன்று சிறு குவியல், அதிலும் ஒன்று எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய். இன்னும் கொஞ்சம் கீரை கேட்டால் தனிக் காசு என்றார்கள். சோறு எவ்வளவு வேண்டுமானாலும் சும்மா, கீரைக்குக் காசு! கடைகள்தான் மாற வேண்டும் என்கிறேன்.

செந்தூல்காரன்:
அப்பாவுக்கு நல்லபடியாக ஆக வேண்டும், அம்மா. ஆனால் பழியைக் கடை மேல் போடுவதை நான் ஏற்க மாட்டேன். பல கடைகளில் காயும் கேட்டால் மறுபடி போடுவார்கள், நீங்கள் போன கடை அப்படி. எனக்கும் ஐந்து வருடமாக இனிப்புநீர். வெளியே சாப்பிடுவதை விடவில்லை, சாப்பிடும் முறையைத்தான் மாற்றினேன். காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். அப்படிச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது, என் கருவியிலேயே பார்த்திருக்கிறேன். வாளி வரும்போது இலைக்கு மேல் கையை விரித்துவிடுவேன். பினாங்குக்குப் போனால் நாசி கண்டார் சோற்றில் குழம்பு 'பஞ்ஜிர்' (சோறு மூழ்க ஊற்றுவது) வேண்டாம், தனிக் கிண்ணத்தில் கொடுங்கள் என்பேன். பொரித்த கோழிக்குப் பதில் கறியில் வெந்த மீன். குடிக்க தே ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேத்தண்ணி. கடைக்காரர் நம் வயிற்றுக்குக் காவல்காரர் இல்லை.

இரவு லாரி:
அண்ணே, நீங்கள் சொல்வது பகலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சரி. நான் போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கு ஏற்றி வருகிறவன். ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்திருப்பது மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மட்டும்தான். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் ஒன்றே சுமார் 300 கலோரி, இரண்டு தின்றால்தான் பசி அடங்கும், கூடவே ஒரு தே தாரேக், இனிப்பான பால் தேத்தண்ணி. அந்த நேரத்தில் இதைக் குறை, அதை மாற்று என்று பேசத் தெம்பு இருக்காது, எது முன்னால் வருகிறதோ அதைத்தான் சாப்பிடுவேன். முன்னால் வருவது நல்லதாக இருக்கக் கூடாதா?

பங்சார் மகள்:
நான் சொல்ல வந்ததே அதுதான். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நம் மலேசியாவின் இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேருமா கையை விரிக்கத் தெரியாதவர்கள்?

செந்தூல்காரன்:
அந்தக் கணக்கு எனக்கும் வலிக்கிறது. அதில் வீட்டுச் சாப்பாடும் உண்டு, பரம்பரையும் உண்டு, நடக்காமல் உட்கார்ந்தே இருப்பதும் உண்டு. கடைச் சோறு மட்டும் காரணம் இல்லை. சுகாதார அமைச்சு 'சூக்கு சூக்கு செப்பாரோ' என்று எத்தனை வருடமாகச் சொல்கிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காயும் பழமும். நம்மில் எத்தனை பேர் வீட்டிலாவது அப்படிச் சாப்பிடுகிறோம்?

தேத்தண்ணி மாஸ்டர்:
பதினெட்டு வருடமாகத் தேத்தண்ணி கலக்குகிறேன், இப்போது கெப்போங்கில். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. தே தாரேக்குக்கு ஊற்றும் டின்னில் இருப்பது நீங்கள் நினைக்கும் பால் இல்லை. பெரும்பாலும் பால் மாவு, பாமாயில், சர்க்கரை சேர்த்த கிரீமர். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். வழக்கமான கோப்பைக்கு நான் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுவேன். 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவு) என்றால் ஒன்றரை. பக்கத்துக் கடை மாஸ்டருக்கு அது ஒன்றேமுக்கால். அளவு என்று ஒன்று கிடையாது, கைதான். அதனால் குறைத்துக் கேட்டோம் என்று நிம்மதியாகக் குடிக்காதீர்கள்.

குறைத்து ஊற்றினால் கோப்பையைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சோறும் அப்படித்தான். குறைவாகப் போட்டால் கஞ்சக் கடை என்று பேர் வந்துவிடும், முதலாளிக்கு அந்தப் பயம்.

இரவு லாரி:
மாஸ்டர், இரண்டு மேசைக்கரண்டி என்றால் கிட்டத்தட்ட 20 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ராத்திரிக்கு நான் மூன்று கோப்பை குடிக்கிறேன்.

பங்சார் மகள்:
போத்தல் பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து சர்க்கரை வரி இருக்கிறது. லிட்டருக்கு 40 காசில் தொடங்கி இப்போது 90 காசு. கடையில் கலக்கும் தே தாரேக்குக்கு அது கிடையாது. வரி போடச் சொல்லவில்லை. பலகையில் 'அரைச் சோறு, இரட்டைக் காய்' என்று எழுதுங்கள், விலையில் ஒரு வெள்ளி குறையுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர் விரலால் காட்டிவிடுவார். அப்பா கூச்சப்பட்டுத்தான் இரண்டாவது கரண்டியையும் சாப்பிட்டார்.

செந்தூல்காரன்:
அந்தப் பலகைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பலகை வரும் வரை அப்பா கையை விரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எதிரே உட்கார்ந்து, முதலில் நீங்கள் விரியுங்கள். அப்புறம் அவருக்குக் கூச்சம் இருக்காது.

தேத்தண்ணி மாஸ்டர்:
அரைச் சோற்றுக்கு விலை குறைக்க முதலாளி சம்மதிப்பாரா, தெரியாது. நாளைக்குக் கேட்கிறேன். லாரித் தம்பி, கெப்போங் பக்கம் வந்தால் தே ஓ கோசோங் கேளுங்கள், இஞ்சி தட்டிப் போட்டுத் தருகிறேன். ஒரு வாரம் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.