எம்.பி.யிடம் ரயில் நிறுத்தத்துக்கு மனு கொடுத்தால் அது எங்கே போகும்?

கீழத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது சின்ன ஊர். இரண்டு மாவட்டங்களில் கால் பரப்பிக் கிடக்கிற மக்களவைத் தொகுதி. கொரோனாவுக்கு முன்பு எங்கள் ஸ்டேஷனில் ஒரு எக்ஸ்பிரஸ் நின்று போகும். காலையில் கல்லூரிப் பிள்ளைகளும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதில்தான் ஏறுவார்கள். 2020-ல் ரயில்களை நிறுத்தி, பிறகு திரும்ப ஓட்டியபோது எங்கள் நிறுத்தம் மட்டும் அட்டவணையில் இல்லை.

போன மாதம் எங்கள் எம்.பி. ஒரு கல்யாணத்துக்கு வந்தார். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்தோம். வாங்கி, பின்னால் நின்ற உதவியாளரிடம் நீட்டிவிட்டு, "பார்லிமென்ட்ல பேசுறேன்" என்றார். அவர் பேசினால் ரயில் நிற்குமா? இல்லை, எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதுதான் சரியா? ஒரு கிராமத்துத் தொகுதி எம்.பி. டெல்லியில் உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலக்காடு:

கல்யாணத்துக்கு வந்ததே பெரிய விஷயம். வருஷத்துக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி வாங்குகிறாரே, அதில் ஸ்டேஷனுக்கு ஒரு கூரையாவது போடச் சொல்லுங்கள். மற்றபடி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

லெட்டர்பேட்:

நான் ஒரு எம்.பி.யின் உதவியாளராக, தொகுதி ஆபீஸிலும் டெல்லியிலும் வேலை பார்த்தவன். கட்சியும் பெயரும் வேண்டாம், இப்போது எனக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை. தம்பி கேட்டது நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மனு. உதவியாளர் கையில் போனதென்றால் குப்பைக்குப் போனதாக அர்த்தமில்லை. சுற்றுப்பயணம் முடிந்த ராத்திரி பையைக் கொட்டித் தரையில் பரப்புவோம். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், டிரான்ஸ்ஃபர், மகனுக்கு வேலை, போர்வெல் பம்பு ரிப்பேர். பெரும்பாலானவை மாநில அரசு, அதிலும் தாசில்தார் வேலை. அவற்றுக்குக் கலெக்டர் பெயருக்கு ஒரு முகப்புக் கடிதம், அவ்வளவுதான். 2022 வரை கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி.க்கு 10 சீட் சிபாரிசு இருந்தது. ஏப்ரல், மே வந்தால் போனை எடுக்கவே பயமாக இருக்கும். அதை எடுத்துவிட்டார்கள், நல்லதுதான். பெரிய ஆபரேஷன் செலவுக்குப் பிரதமர் நிவாரண நிதியில் கேட்டு எழுதுகிற கடிதம் தனி. நான் டைப் அடித்த காகிதங்களில் ஒரு குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நேரடியாகப் பணம் கிடைத்தது அதில்தான்.

உன் மனு இந்த வகையெல்லாம் இல்லை. ரயில்வே முழுக்க மத்திய அரசு. எம்.எல்.ஏ. வேண்டுமானால் கடிதம் எழுதலாம், கேள்வி கேட்க முடியாது. ஆகவே சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறாய்.

"பார்லிமென்ட்ல பேசுறேன்" என்றாரே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பேசுவது என்றால் எல்லோருக்கும் பூஜ்ய நேரம்தான் ஞாபகத்துக்கு வரும். அவை தொடங்குமுன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தால் கேள்வி நேரம் முடிந்தபின் ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும். தமிழிலேயே பேசலாம். அந்த வீடியோ சாயந்திரத்துக்குள் தொகுதி முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடிவிடும், கட்சிக்காரர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் அமைச்சர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்களவை நடைமுறை விதிகளில் 377-வது விதியின் கீழ் கொடுத்தால் கொஞ்சம் மேல். 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுக்கலாம், அமைச்சகத்திலிருந்து பிறகு எழுத்தில் பதில் வரும்.

என்னைக் கேட்டால் உன் காரியத்துக்கு உகந்தது நட்சத்திரக் குறியில்லாத கேள்வி. யாருமே எழுந்து பேச மாட்டார்கள், டிவியில் வராது. காகிதத்தில் கேள்வி, காகிதத்தில் பதில். ஒரு நாளைக்கு 230 கேள்வி வரை பட்டியலில் வரும். வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி 20 மட்டும், அதிலும் ஒரு மணி நேரத்தில் நாலைந்து முடிந்தாலே அதிகம். எதுவானாலும் 15 நாள் முன்னதாக நோட்டீஸ் வேண்டும், குலுக்கல் உண்டு. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். எங்கள் காலத்தில் ரயில்வேக்குப் புதன்கிழமை.

கேள்வி எழுதுவதற்கு ஒரு அச்சு இருக்கிறது. (அ) இன்ன ரயிலை இன்ன ஊரில் நிறுத்தும் உத்தேசம் அரசுக்கு உண்டா, (ஆ) உண்டென்றால் விவரம் என்ன, (இ) இல்லையென்றால் காரணம் என்ன. புதிதாக வருகிற உதவியாளர்கள் எல்லோரும் இப்படித்தான் அடிப்பார்கள். ரயில்வே அமைச்சகம் என்ன செய்யும் தெரியுமா? "(அ) முதல் (இ) வரை" என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி, நிறுத்தம் வழங்குவது தொடர்ந்து நடைபெறும் பணி, இயக்க வசதியையும் பயணிகள் எண்ணிக்கையையும் பொறுத்தது என்று ஒரு பத்தியில் முடித்துவிடும். ஊர்ப் பெயரை மாற்றினால் நாட்டின் எந்த ஸ்டேஷனுக்கும் பொருந்துகிற பதில். எங்கள் ஃபைலில் அந்தப் பத்தி எத்தனை இருந்தது என்று எண்ணவே மாட்டோம்.

எங்களுக்கு மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது வேறு. உத்தேசம் உண்டா என்று கேட்காதே, எண்ணைக் கேள். அந்த ரயில்வே கோட்டத்தில் 2020-க்குப் பிறகு எடுக்கப்பட்ட நிறுத்தங்கள் எத்தனை, எவை? திரும்பக் கொடுத்தவை எத்தனை? அந்த ஸ்டேஷனில் 2018-19-ல் டிக்கெட் வருமானம் எவ்வளவு, இப்போது எவ்வளவு? எண் கேட்டால் பத்தி எழுதித் தப்பிப்பது கஷ்டம். தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும் என்று சொன்னாலும் நமக்கு லாபம்தான். அவையில் அப்படிச் சொல்வது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இழுத்தால் அரசு உறுதிமொழிகள் குழு கூப்பிட்டுக் கேட்கும்.

பதில் வந்ததும் ரயில் நின்றுவிடாது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கோட்ட மேலாளரிடம் போக வேண்டும். தெற்கு ரயில்வே பொது மேலாளர் கோட்டத்து எம்.பி.க்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்துவார், அங்கே மேஜையில் வைக்க வேண்டும். "உங்கள் அமைச்சர் அவையில் கொடுத்த கணக்கு இது, பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்கு ஏன் இல்லை" என்று கேட்டால் அதிகாரி வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொள்வார். பெரும்பாலும் முதலில் ஆறு மாதம் சோதனை நிறுத்தம் என்று கொடுப்பார்கள். அதன்பிறகு டிக்கெட் எடுத்து ஏறுவது ஊர்க்காரர்கள் பொறுப்பு.

மேலக்காட்டு நண்பருக்கு: அந்த 5 கோடியை எம்.பி. வாங்குவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு போட்டு ஒப்புதல் கொடுத்துச் செலவழிக்கும். அதில் 15 சதவீதம் ஆதிதிராவிடர் பகுதிக்கு, 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கு. மிச்சத்தை ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரே தொகுதி வைத்திருக்கிற தமிழக எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி, ஆறு தொகுதி எம்.பி.க்கு 5 கோடி. முந்நூறு நானூறு ஊராட்சிகள் இருக்கிற இடத்தில் ஊருக்கு ஒரு ஹைமாஸ் விளக்குகூடத் தேறாது. ஆனாலும் கல்வெட்டில் பெயர் வருகிறதே என்று எல்லா எம்.பி.க்களும் அதன் பின்னால்தான் ஓடுகிறார்கள். என் கணக்கில் அது வேலையிலேயே சின்னப் பங்கு. மாவட்டத்தில் மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கிற திஷா குழுவின் கூட்டம் நடக்கும்போது எம்.பி.தான் தலைவர், கலெக்டர் உறுப்பினர் செயலர். கிராமச் சாலை, வீடு கட்டும் திட்டம், குடிநீர் என்று மத்தியப் பணம் போகிற எல்லாக் கணக்கையும் அங்கே கேட்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடத்த வேண்டிய கூட்டம். எத்தனை எம்.பி.க்கள் ஃபைலைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

வைகைக்கரை:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா. எங்கள் பக்கம் மதுரை - போடி ரயிலை அகலப்பாதை வேலைக்காக 2010 டிசம்பர் 31-ல் நிறுத்தினார்கள். தேனி வரை ஓட 2022 மே ஆகிவிட்டது, போடிக்கு 2023 ஜூன். 90 கிலோமீட்டர் பாதை! அதற்குள் தேனிக்கு மூன்று எம்.பி.க்கள் மாறிவிட்டார்கள். இதில் யாருக்குப் பெருமை, யாருக்குத் திட்டு? ஒரு எம்.பி. என்ன கேட்டார் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

லெட்டர்பேட்:

அம்மா, கேட்டதைத் தெரிந்துகொள்வது சுலபம். மக்களவை இணையதளத்தில் கேள்விகள் பகுதியில் உறுப்பினர் பெயரைப் போட்டால் கேள்வியும் பதிலும் அப்படியே வரும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். நாலைந்து எம்.பி.க்கள் சேர்ந்து ஒரே கேள்வியில் பெயர் போட்டிருப்பார்கள், அதுவும் கணக்கில் ஏறும். உங்கள் ஊர்ப் பெயரோ மாவட்டப் பெயரோ கேள்விக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். அமைச்சர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது, அவர்கள் பதில் சொல்கிற பக்கம்.

போடி மாதிரிப் பெரிய வேலையில் யாருக்குப் பெருமை என்பதற்கு எனக்குப் பிடித்த அத்தாட்சி பிங்க் புக். ஒவ்வொரு ரயில் திட்டத்துக்கும் இந்த வருஷம் எவ்வளவு என்று பட்ஜெட்டை ஒட்டி வருகிற புத்தகம். தமிழ்நாட்டுப் புதிய பாதைகள் பலவற்றுக்கு எதிரே வெறும் 1,000 ரூபாய் என்று போட்டிருந்த வருஷங்கள் உண்டு. ஆயிரம் கோடி என்று வாசித்துவிடாதீர்கள், ஆயிரம் ரூபாய்! திட்டத்தை ரத்து செய்யவில்லை என்று காட்ட ஒரு அடையாளத் தொகை. அந்த வரியைக் கோடியாக்க வருஷா வருஷம் அலைவதுதான் கிராமத்து எம்.பி.யின் நிஜமான வேலை. அதற்கு அவையில் பேசுவதைவிட அமைச்சர் அறைக்கும் ரயில்வே வாரியத்துக்கும் நடப்பதுதான் அதிகம். அமைச்சகங்கள் பட்ஜெட்டில் கேட்கிற பணத்தைப் பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம் என்றால், நாலைந்து அமைச்சகங்களுக்குத்தான் நேரம் ஒதுக்குவார்கள், மற்றதெல்லாம் கடைசி நாளில் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்குப் போய்விடும். அமைச்சகத்தின் வேலையை ஆராய்கிற நாடாளுமன்ற நிலைக்குழுவில் இடம் இருந்தால் அங்கே அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்கலாம். 21 மக்களவை உறுப்பினர்கள், 10 மாநிலங்களவை உறுப்பினர்கள், கேமரா கிடையாது. அங்கே நன்றாகக் கேள்வி கேட்கிற சிலர் வெளியில் பெயரே தெரியாதவர்கள்.

கீழத்தெரு:

ஐயா, மிக்க நன்றி. மனுவைத் திரும்ப எழுதப் போகிறோம். எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கணக்கு கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாமா? இன்னொன்று, யாரிடம் கொடுத்தால் எம்.பி. கைக்குப் போகும்?

லெட்டர்பேட்:

போடு. 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ஸ்டேஷனுக்கு அனுப்பாதே, கோட்ட அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பு. 2018-19, 2019-20, பிறகு கடைசி இரண்டு வருஷம், மாதவாரியாக விற்ற டிக்கெட் எண்ணிக்கையும் வருமானமும் என்று கேள். நிறுத்தத்தை எடுத்த உத்தரவின் நகலும் கேள்.

பதில் வரும்வரை சும்மா இருக்காதே. மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ரயில் எண், பழைய நேரம், அடுத்து நிற்கிற ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர், காலையில் ஏறுகிற கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர். "பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர்" என்ற வரியே வேண்டாம், அது எல்லா மனுவிலும் இருக்கிறது. எம்.பி.யிடம் மாலை போட்டுக் கொடுத்தால் போட்டோ கிடைக்கும். தொகுதி ஆபீஸில் கடிதம் டைப் அடிக்கிறவர் யாரென்று விசாரித்து அவரிடம் ஒரு நகல் கொடு, போன் நம்பரும் எழுதிக் கொடு. குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும், நோட்டீஸுக்காக அதிலிருந்து 15 நாள் முன்னால் கணக்குப் போட்டுப் பார். தீபாவளிக்கு முன்னால் அவர் கையில் இருந்தால் சரியாக இருக்கும்.