புதுப்பிப்பு: பதினெட்டு வளைவு ஏறி இறங்கியாச்சு

திருகோணமலையில் கடலோரம் மட்டுமே மிதித்துப் பழகியவனால் மகியங்கனை – கண்டி வீதியின் ‘பதினெட்டு வளைவு’ என்ற கொண்டையூசி வளைவு மலைப்பாதையில் சைக்கிள் ஏற முடியுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். முடிந்தது! நண்பனின் வானில் சைக்கிளைப் போட்டு மகியங்கனை வரை போய், விடியலிலேயே மிதிக்கத் தொடங்கினேன்.

வீதியைத் திருத்திய பிறகு வளைவுகள் 17தான், பெயர் மட்டும் மாறவில்லை. அதற்குப் பதிலாக இங்கே ஒரு அண்ணா சொன்னது அப்படியே சரி: இடப்பக்க வளைவில் உள்ஓரம்தான் பயங்கரச் செங்குத்து, எதிரே வாகனம் வராத நேரம் பார்த்து கொஞ்சம் தள்ளி எடுத்தால் கால் தாங்கும். மேலே நின்று திரும்பிப் பார்த்தேன், மகியங்கனைச் சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது, மூச்சு வாங்கியதே மறந்துபோனது.

இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி நாலைந்து வளைவு வந்துவிட்டு நிறுத்தி சில்லின் விளிம்பைத் தொட்டால் விரல் சுட்டது, பிரேக் கட்டை தேய்ந்த கறுப்புத் தூள் வேறு ஒட்டியது. அப்புறம் விட்டு விட்டுப் பிடித்தேன். நண்பனின் வானும் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரிலேயே இறங்கியது.

போகிறவர்கள் வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே போங்கள், மழை பிடித்தால் அந்தப் பக்கம் மண்ணும் கல்லும் சரியும்.