பூட்டப்பட்டதா, பூட்டியிருந்ததா?

காலிக்குடம்:

ஆங்கிலச் செயப்பாட்டு வினையை நம்பி ஏமாந்தவர்கள் கதையைப் போடுங்கள். முதலில் என் கதை.

ஆவணங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. மூன்று வருடம் முன்பு ஒரு குடோன் திருட்டு தொடர்பான இன்சூரன்ஸ் காகிதங்கள் வந்தன. இரவுக் காவலாளி தமிழில் சொன்னதை யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட அதன் தமிழ்ப் படி வேண்டுமாம். அதில் ஒரு வரி: 'தி பேக் டோர் வாஸ் லாக்டு அட் நைன்.' யோசிக்கவே இல்லை. 'பின்கதவு ஒன்பது மணிக்குப் பூட்டப்பட்டது' என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் அவரே போனில் வந்தார். "சார், ஒன்பது மணிக்கு நான் பூட்டலைங்க. ரவுண்டு போனேன், பூட்டியிருந்துச்சு. அதைத்தான் சொன்னேன். இப்ப அதுவரைக்கும் கதவைத் திறந்தே போட்டிருந்தியான்னு கேக்குறாங்க."

கதவை மாலை ஐந்துக்கே வேறொருவர் பூட்டியிருக்கிறார். காவலாளி சொன்னது ஒரு நிலை, நான் எழுதியது ஒரு செயல். நடுவில் வந்த ஆங்கிலத்தையும் தப்பு சொல்ல முடியாது. 'வாஸ் லாக்டு' இரண்டுக்கும் பொருந்தும். அவர் வாயில் தெளிவாக இருந்த ஒன்று ஆங்கிலத்துக்குள் போய்க் கலங்கி, என் கையால் தமிழுக்குத் தவறாகத் திரும்பியது. பள்ளியில் 'வாஸ்' பார்த்தால் 'பட்டது' போடு என்று பழக்கியிருந்தார்கள். அந்தக் கை இன்னும் மாறவில்லை.

டியூஷன் டீச்சர்:

என் கதையில் தப்பு செய்தது பையன் இல்லை, நான்தான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு 'தி ஷாப் இஸ் க்ளோஸ்டு' என்பதைச் செய்வினையாக மாற்றச் சொன்னேன். 'சம்படி க்ளோசஸ் தி ஷாப்' என்று எழுதினான். சூத்திரப்படி சரி, டிக் போட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் தங்கை, ஏழாவது படிக்கிறாள், "அப்போ தினமும் ஒருத்தர் வந்து மூடிட்டுப் போறாரா மிஸ்?" என்றாள்.

டிக்கை அடித்துவிட்டு அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன். கடை மூடிக் கிடக்கிறது என்பதற்குச் செய்வினை 'சம்படி ஹேஸ் க்ளோஸ்டு தி ஷாப்'. யாரோ முன்பே மூடியாயிற்று, அதன் விளைவுதான் இப்போது கண்ணில் படுகிறது. 'தி ஷாப் இஸ் க்ளோஸ்டு அட் எய்ட் எவ்ரி நைட்' என்றிருந்தால் பையன் எழுதியதே சரி.

இப்போதெல்லாம் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். மூடிக் கிடக்கும் கடைக்கு எதிர்ப்பதம் 'தி ஷாப் இஸ் ஓப்பன்'. 'ஓப்பண்டு' இல்லை. அப்படியானால் அந்த 'க்ளோஸ்டு' பெயரடை போலத்தான் நிற்கிறது. தினம் எட்டு மணிக்கு மூடுகிற வாக்கியத்தில் 'ஓப்பண்டு' பொருந்தும். இது எல்லா வினைக்கும் ஓடாது. 'ஹி இஸ் லவ்டு பை ஆல்' மாதிரி, ஒரு கட்டத்தில் முடிந்துபோகாத வினைகளில் 'க்ளோசஸ்', 'ஹேஸ் க்ளோஸ்டு' என்பதுபோலக் காலத்தை வைத்துப் பிரிக்கவும் முடியாது. அங்கே நானும் தடுமாறுவேன்.

மழைக்காகிதம்:

இதற்கு இவ்வளவு பாடா? 'பை' இருந்தால் செயல், இல்லாவிட்டால் நிலை.

டியூஷன் டீச்சர்:

தம்பி, 'தி ஹவுஸ் இஸ் சரவுண்டட் பை ட்ரீஸ்.' மரங்கள் எப்போது நடந்து வந்து வீட்டைச் சுற்றி நின்றன?

மழைக்காகிதம்:

சரி, வாபஸ். ஆனால் மரத்துக்குப் பதில் போலீஸைப் போட்டால் இரண்டு பக்கமும் போகிறது. வந்து வளைத்தார்களா, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்களா? கெட்டிக்கார வாக்கியம்.

ஸ்பேனர்:

நான் இயந்திரக் கையேடுகள் மொழிபெயர்ப்பவன். 'தி லேம்ப் லைட்ஸ் வென் தி வால்வ் இஸ் க்ளோஸ்டு.' 'வால்வு மூடப்படும்போது விளக்கு எரியும்' என்று எழுதினேன். ஃபிட்டர் ஒருவர் படித்துவிட்டு, "மூடுற நேரத்துல எரிஞ்சு அணைஞ்சுடுமா, மூடியிருக்கிற வரைக்கும் எரியுமா?" என்றார். விளக்கு அணைந்திருந்தால் வால்வு திறந்திருக்கிறது என்று நம்பிக் கை வைக்கப் போகிறவர் அவர்தான். 'மூடியிருக்கும்போது' என்று திருத்தினேன். மூடிக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் சொல்வதானால் ஆங்கிலத்தில் 'இஸ் பீயிங் க்ளோஸ்டு' என்று எழுதியிருப்பார்கள். 'பீயிங்' வந்தால் செயல், அதில் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

பி1 பாஸ்:

எனக்கு இது ஜெர்மன் வகுப்பில்தான் உறைத்தது. அங்கே இரண்டுக்கும் தனித்தனித் துணைவினை. 'டீ ட்யூர் விர்ட் கெஷ்லோஸன்' என்றால் கதவை மூடுகிறார்கள். 'டீ ட்யூர் இஸ்ட் கெஷ்லோஸன்' என்றால் மூடியிருக்கிறது. வகுப்பில் இருந்த மற்றவர்கள் இதை ஆங்கிலம் வழியாக யோசித்துக் குழம்பினார்கள். நான் நோட்டில் 'படுகிறது', 'இருக்கிறது' என்று எழுதிவைத்துக்கொண்டு கடந்துவிட்டேன்.

அந்த 'விர்ட்'டின் மூல வினை 'வேர்டன்'. பழைய ஆங்கிலத்திலும் அதற்கு உறவுக்காரனாக 'வெயோர்தன்' என்று ஒன்று இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அது வழக்கொழிய, இரண்டு வேலையும் 'பீ' தலையில் விழுந்தது. இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'கெட்' வந்து பாதிச் சுமையைத் தாங்குகிறது. காலிக்குடம் சார், உங்கள் காகிதத்தில் 'காட் லாக்டு அட் நைன்' என்றிருந்தால் அது செயல்தான். அந்தக் காவலாளி சொன்னதற்கு 'காட்' போடவே முடியாது.

காலிக்குடம்:

'படு', 'இரு' இரண்டையும் வைத்து நானும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். 'கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு', 'சட்டை கிழிஞ்சிருந்துச்சு', 'போர்டுல எழுதியிருந்துச்சு' என்று வாய் தானாகப் போனால் நிலை. உடைத்தல், கிழித்தலுக்கு உடைதல், கிழிதல் என்று தன்வினை ஜோடி உண்டு. பூட்டுவதற்கும் எழுதுவதற்கும் அப்படி ஜோடி இல்லை, ஆனாலும் 'யிருந்தது' அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. 'உடைக்கப்பட்டது' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. அந்தச் சொல்லை எழுத வேண்டி வந்தால், உடைத்தவன் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று அர்த்தம்.

இதை எப்போது கற்றேன் என்றால், அதே குடோன் காகிதத்தில் இன்னொரு வரி இருந்தது: 'தி சைடு விண்டோ வாஸ் அன்லாக்டு.' இதற்கு மூன்று அர்த்தம். யாரோ பூட்டைத் திறந்தார்கள், யாரோ திறந்துவிட்டுப் போன நிலையில் இருந்தது, அல்லது பூட்டவே இல்லை. முதல் தடவை நான் 'பூட்டு திறக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். அதாவது திருடனுக்குச் சாவியையும் கொடுத்திருந்தேன். இந்த முறை எழுதும் முன் காவலாளிக்குப் போன் போட்டேன்.

"எந்த ஜன்னலுங்க? பக்கத்து ஜன்னலா? அதுக்குக் கொக்கியே கிடையாதுங்களே."