ஸ்டர்லிங் ஹோலி ரூட் தேவாலயத்தின் குறுக்குச்சுவர்: காரணம் மதச் சீர்திருத்தமா, போதகர்களின் பிணக்கா?

கேள்வி:
ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில், கோட்டைக்கு ஏறும் வழியில் உள்ள ஹோலி ரூட் தேவாலயத்தின் வரலாற்றைப் படித்து வருகிறேன். முதலாம் டேவிட் மன்னர் காலத்தில், 1129இல் நிறுவப்பட்ட அந்தப் பங்குக் கோயில் 1405இல் தீக்கிரையாகி, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது என்பது வரை தெளிவாக இருக்கிறது. ஆனால் 1656இல் அதன் குறுக்கே சுவர் எழுப்பி, ஒரே கோயிலைக் கிழக்குச் சபை, மேற்குச் சபை என்று இரண்டாக்கியது ஏன்? ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புரோட்டஸ்டன்ட் நெறிக்கு மாறிய சீர்திருத்தம்தான் இதற்குக் காரணமா?

மறுமொழி 1:
சீர்திருத்தம் 1560இல் நிகழ்ந்தது. சுவரோ அதற்குத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து எழுந்தது. ஆகவே உடனடிக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். 1650இல் டன்பார் போரில் ஆங்கிலேயப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல்லிடம் ஸ்காட்லாந்துப் படை தோற்றதும், முன்பு விலக்கி வைக்கப்பட்டிருந்த அரச ஆதரவாளர்களை மீண்டும் படையில் சேர்க்கலாமா என்ற கேள்வி திருச்சபையையே பிளந்தது. சேர்க்கக் கூடாது என்ற தரப்பின் முன்னணியில் நின்றவர் ஸ்டர்லிங் போதகர் ஜேம்ஸ் கத்ரி. அவருக்கும் உடன் போதகருக்கும் மூண்ட பிணக்கு தீராமல் போகவே, ஆளுக்கொரு பாதியாகக் கட்டடம் பிரிக்கப்பட்டது. கத்ரி 1661இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். சுவர் மட்டும் நிலைத்துவிட்டது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. எனினும் சீர்திருத்தத்தை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. கிழக்குக் கோடியில் பலிபீடத்தை வைத்துத் திருப்பலிக்காகக் கட்டிய நீண்ட கூடங்கள், பிரசங்கத்தை எல்லோரும் கேட்க வேண்டும் என்ற புதிய வழிபாட்டுக்குப் பொருந்தவில்லை. எடின்பரோவின் புனித ஜைல்ஸ், அபர்டீனின் புனித நிக்கோலஸ் ஆகிய தேவாலயங்களும் இப்படிச் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டவைதாம். ஸ்டர்லிங்கில் கட்டடமும் அதற்கு இடங்கொடுத்தது: உருண்டைத் தூண்களும் பழைய ஓக் மரக் கூரையும் கொண்ட மேற்குக் கூடம் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிழக்குப் பகுதி பதினாறாம் நூற்றாண்டு வேலை. சண்டையிட்டவர்களுக்கு எங்கே கோடு கிழிப்பது என்ற சிரமம் இருந்திருக்காது!

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் அங்கே முடிசூடியபோது கோயில் ஒன்றாகத்தான் இருந்ததா?

மறுமொழி 1:
ஆம். அது 1567 ஜூலை 29இல் நடந்தது. ஜேம்ஸின் தாயான அரசி மேரி லாக்லீவன் சிறையில் முடிதுறந்து ஐந்து நாள்களே ஆகியிருந்தன. குழந்தைக்கு வயது பதின்மூன்று மாதம். பிரசங்கம் செய்தவர் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ். சுவரை அகற்றி அந்தப் பழைய முழு நீளத்தை மீட்டது 1930களில், இரு சபைகளும் மீண்டும் இணைந்த பிறகுதான்.